ஷேவிங் சோப்பின் தரம் நுரையின் உயரத்தில் இல்லை

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். வீட்டில் போர்த் தண்ணீர். கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டுப் பழையபடி இருபுறப் பிளேடு, பிரஷ், சோப்புக் கட்டி என்று மாறியிருக்கிறேன். மூன்று சோப்பு வாங்கினேன். ஆட்டுரோமக் கொழுப்பு சேர்த்த வெளிநாட்டு வட்டக் கட்டி விலை அதிகம், ஆனால் நுரையே நிற்கவில்லை. மளிகைக் கடையில் வாங்கிய குச்சி சோப்பு நன்றாக நுரைக்கிறது. கைத்தயாரிப்பு மூலிகை சோப்பு மலைபோல் நுரைக்கிறது, ஆனால் முகம் எரிகிறது. எதை வைத்து ஒரு ஷேவிங் சோப்பின் தரத்தைச் சொல்வது?

பதில்:

நுரையின் உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. துணி துவைக்கும் பவுடரும் மலைபோல நுரைக்கும். ஷேவிங் சோப்பில் பார்க்க வேண்டியவை இரண்டு. நுரை எவ்வளவு தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்பது ஒன்று. பிளேடு ஒருதரம் போன இடத்தில் வழுக்கல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது இன்னொன்று. மணம், நிறம், டப்பா, விலை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

ஆனால் இந்த இரண்டையும் பார்க்கும் முன்னால் உங்கள் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். வெளிநாட்டுக் கட்டியின் மேல் நீங்கள் வைத்திருக்கும் குறையில் பெரும்பங்கு போர்த் தண்ணீரின் கணக்கில் சேர வேண்டியதாக இருக்கலாம்.

உண்மையான சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத பிசுக்காக மாறிவிடும். குளியலறைத் தரையிலும் வாளி விளிம்பிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது இதுதான். தண்ணீரில் இருக்கும் கால்சியம் தன் பங்கை எடுத்துக்கொண்டு போக, மிஞ்சும் சோப்புதான் நுரையாகும். நல்ல ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். கால்சியம் பட்டதும் அது சட்டென்று திரிந்து நிற்கும். அதனால்தான் கடினத் தண்ணீரில் நல்ல சோப்பு மட்டமாகத் தெரிகிறது, சாதாரணக் குச்சி உயர்ந்ததாகத் தெரிகிறது. குச்சியின் உறையில் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள். டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. என்றோ, பென்டாசோடியம் பென்டெடேட் என்றோ இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. கால்சியத்தைக் கட்டிப்போட்டுச் சோப்பை விடுவிப்பதற்காகவே சேர்க்கும் பொருள்கள் அவை.

ஆட்டுரோமக் கொழுப்புச் சோப்பில் உலகெங்கும் பேர்பெற்ற மிட்செல்ஸ், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்தது. கம்பளித் தொழில் அந்த ஊரில் செழித்ததற்கு அங்குள்ள மென்மையான தண்ணீரும் ஒரு காரணம். அப்படிப்பட்ட தண்ணீரில் பொங்கும் சோப்பை நம் போர்த் தண்ணீரில் குழைத்தால் அதே நுரையை எதிர்பார்க்க முடியாது.

சோதனை எளிது. ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில் எடுங்கள். ஒன்றில் 100 மில்லி போர்த் தண்ணீர், மற்றதில் 100 மில்லி மழைத்தண்ணீர். ஈ.டி.டி.ஏ. இல்லாத சோப்பில் துவரம்பருப்பு அளவுக்கு இரண்டு துணுக்கு சுரண்டி, ஒவ்வொன்றையும் ஒரு கரண்டி வெந்நீரில் தனித்தனியே கரைத்து, பாட்டிலுக்கு ஒன்றாக ஊற்றி, மூடி, 30 தடவை குலுக்குங்கள். மழைத்தண்ணீர் பாட்டிலில் நுரை அடர்த்தியாக நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். போர்த் தண்ணீர் கடினமானது என்றால் அந்தப் பாட்டில் மோர் கரைத்ததுபோல் வெளுத்து, திரிதிரியாகச் சில துகள்கள் மிதக்கும், நுரை 5 நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிடும். அதில் இன்னொரு துணுக்கு, இன்னொரு துணுக்கு என்று கரைத்து ஊற்றிக் குலுக்கிக்கொண்டே போங்கள். எத்தனையாவது துணுக்கில் நுரை நிலையாக நிற்கிறதோ, அத்தனை மடங்கு சோப்பை உங்கள் தண்ணீர் தின்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மழைத்தண்ணீருக்குச் செட்டிநாட்டு வீட்டில் பஞ்சமில்லை. நடு முற்றத்தில் அண்டாவை வைத்தால் போதும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் கால் மணி நேர மழையை விட்டுவிடுங்கள், அது ஓட்டில் படிந்த தூசியோடு வரும். கூரைத் தாழ்வாரத்தில் இருந்து விழும் தண்ணீரைவிட, திறந்த வானத்தில் இருந்து நேராக அண்டாவில் விழுவது நல்லது. சுண்ணாம்புக் காரை போட்ட மாடியில் ஓடிவரும் மழைத்தண்ணீர் வழியிலேயே கொஞ்சம் கால்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். மழை இல்லாத மாதத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாட்டில் சோதனைக்குப் பயன்படுத்தலாம். அமிலம் கலந்த பேட்டரித் திரவத்தை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்குக் காரைக்குடியில் தனிப் பேர் உண்டு. ருசி வேறு, மென்மை வேறு. எந்தத் தண்ணீரானாலும் பாட்டிலில் குலுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் தெருவுக்குத் தெரு, போருக்குப் போர் மாறும்.

தண்ணீர் கடினம் என்று தெரிந்தால் ஊரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சவரத்துக்கு நுரை குழைக்கவும் பிரஷ் ஊறவைக்கவும் 100 மில்லி நல்ல தண்ணீர் தாராளம். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் கழிவுக் குழாயில் வருவது போர்த் தண்ணீரைவிடக் கடினம், அதைத் தொடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிய இறுத்தாலும் கொஞ்சம் குறையும். ஆனால் பைகார்பனேட்டாக உள்ள கடினத்தன்மை மட்டும்தான் அப்படி அடியில் படியும், சல்பேட்டாகவும் குளோரைடாகவும் உள்ளது அப்படியே நிற்கும். சிலர் எலுமிச்சை பிழியச் சொல்வார்கள். வேண்டாம். அளவு தப்பினால் அமிலம் சோப்பையே உடைத்துக் கொழுப்பாகத் திரித்துவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான்.

இனி சோப்பு.

குளியல் சோப்பும் ஷேவிங் சோப்பும் அடிப்படையிலேயே வேறு. குளியல் சோப்பு சோடியம் ஹைட்ராக்சைடில், அதாவது காஸ்டிக் சோடாவில் செய்தது. சோடியம் சோப்பு கெட்டியானது, மெல்லக் கரைவது, தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் கரைந்து போகாதது. குளிக்க அதுதான் வசதி. சவரத்துக்கு நேர் எதிராக, பிரஷ் பட்டதும் கரைந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும் சோப்பு வேண்டும். அதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. முழுக்கப் பொட்டாசியத்தில் செய்தால் களிம்புபோல இளகும், அதுதான் டியூபில் வரும் ஷேவிங் கிரீம். கட்டியாக நிற்க வேண்டும் என்றால் பொட்டாசியம் பெரும்பங்கு, சோடியம் சிறுபங்கு என்று கலப்பார்கள். 1899இல் மிலான் நகரில் தொடங்கிய செல்லா போன்ற இத்தாலிய சலூன் சோப்புகள் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருப்பது பொட்டாசியம் மிகுந்திருப்பதால்தான். மென்மையாக இருப்பதைக் கண்டு மட்டம் என்று நினைக்கக் கூடாது.

கொழுப்புப் பக்கம் வந்தால், நுரைக்கு உடம்பு கொடுப்பது ஸ்டியரிக், பாமிட்டிக் அமிலங்கள். சின்னச் சின்னக் குமிழாக, நெருக்கமாக, நெடுநேரம் நிற்கும் நுரை இவற்றில்தான் வரும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது சட்டென்று பொங்கும், குமிழ் பெரிதாக இருக்கும், சீக்கிரம் அடங்கும், அளவு மீறினால் தோலை வறட்டும். ஆனாலும் கொஞ்சம் தேவை. அது இல்லாவிட்டால் ஸ்டியரிக் சோப்பு எழும்பச் சோம்பும். ஆமணக்கெண்ணெய் சிறிதளவு சேர்த்தால் நுரை நிலைக்கும், அதிகமானால் பிசுபிசுக்கும். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைத்து நுரை முகத்தில் காயாமல் காக்கும். கைத்தயாரிப்பாளர்கள் ஸ்டியரிக் அமிலத்தை மொத்தக் கொழுப்பில் பாதியை ஒட்டியும், தேங்காயெண்ணெயைப் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குக்குள்ளும் வைப்பது இந்தக் கணக்கில்தான்.

நம் பக்கத்து இலுப்பை எண்ணெயில் ஸ்டியரிக், பாமிட்டிக் இரண்டும் ஓரளவு உண்டு, நல்ல துணைக் கொழுப்பு. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அப்படி அல்ல. அவை மிகுந்த சோப்பு இளகும், நுரை வழுவழுவென்று மெலிந்து போகும், சில மாதத்தில் காறல் வாடை எடுக்கும். 'மரச்செக்கு நல்லெண்ணெயில் செய்தது' என்பது ஷேவிங் சோப்புக்குப் பெருமை தரும் வாசகம் அல்ல.

உறையைப் படிக்கும்போது வரிசை முக்கியம், அதிகம் உள்ளது முதலில் வரும். ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட் என்று தொடங்கினால் நம்பி வாங்கலாம். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கி, பொட்டாசியம் என்ற சொல்லே எங்கும் இல்லை என்றால், அது வட்ட அச்சில் வார்த்த குளியல் சோப்பு. ப்ரொப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால், சோடியம் லாரெத் சல்பேட் என்று முன்வரிசையில் இருந்தால், உருக்கி அச்சில் ஊற்றும் ஆயத்தச் சோப்புத் தளம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், அழகாக நுரைக்கும், வழுக்கல் நிற்காது. சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. சவரத்துக்கு அது மிக நல்ல கொழுப்பு, ஆனால் வேண்டாம் என்று இருப்பவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. லனோலின் என்பது செம்மறி ஆட்டின் ரோமத்தில் இருந்து எடுக்கும் மெழுகு, ஆட்டுரோமக் கொழுப்பு என்பதும் இதுதான், சிலருக்கு அது ஒவ்வாது. டைட்டானியம் டை ஆக்சைடு வெறும் வெண்மைக்கு.

டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 76, 70, 60 என்ற மூன்று படிகள் குளியல் சோப்புக்கு வகுத்தவை. கொழுப்பு எவ்வளவு என்றுதான் அந்த எண் சொல்லும், எந்தக் கொழுப்பு, எந்தக் காரம் என்று சொல்லாது. அதனால் முதல்தரக் குளியல் சோப்பும் சவரத்துக்குத் தோற்கும். கிளிசரின் தாராளமாகச் சேர்த்த நல்ல ஷேவிங் சோப்பின் எண் அதைவிடக் குறைந்திருப்பதும் இயல்பு.

அடுத்து, நுரை குழைப்பது. இங்கே தவறினால் எந்தச் சோப்பையும் எடைபோட முடியாது.

பிரஷ்ஷை முதலில் ஊறவையுங்கள். பன்றி மயிர் என்றால் 5 நிமிடம், பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் என்றால் 2 நிமிடம், செயற்கை இழை என்றால் நனைத்தாலே போதும். பிறகு சொட்டாத அளவுக்கு உதறுங்கள். சொட்டச் சொட்டப் பிரஷ்ஷைச் சோப்பில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. சோப்பு பிரஷ்ஷில் ஏறாமல் வெறும் குமிழாக வழிந்துபோகும். உதறிய பிரஷ்ஷால் கட்டியின் மேல் 30 விநாடி, கடினக் கட்டியானால் 45 விநாடி, லேசாக அழுத்திச் சுழற்றுங்கள். இழைகளின் நுனியில் நுரை அல்ல, பசைபோல வெள்ளைக் களிம்பு ஏற வேண்டும்.

அதன்பின் தண்ணீர். கிரைண்டரில் உளுந்து ஆட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உளுந்தில் ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றினால் மாவு காணாது. தெளித்துத் தெளித்து ஆட்டினால் அதே உளுந்து பொங்கிப் பொங்கி வரும். சோப்பும் அப்படியே. அரை தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள், 15 விநாடி குழையுங்கள், மறுபடி அரை தேக்கரண்டி. ஆரம்பத்தில் நுரை மங்கலாக, பசையாக, பிரஷ்ஷை இழுத்துப் பிடிக்கும். நிறையப் பேர் இதையே பதம் என்று நினைத்து முகத்தில் பூசிவிடுகிறார்கள். அது தண்ணீர் போதாத நுரை, பிளேடை இழுக்கும். தொடர்ந்து தெளித்துக் குழைத்தால் ஒரு கட்டத்தில் மேற்பரப்பில் பளபளப்பு வரும். பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி எழுந்து மெல்லத் தலை சாயும். குமிழ் கண்ணுக்குத் தெரியாது. வடைக்கு ஆட்டிய உளுந்து மாவின் மினுமினுப்பு. அதுதான் பதம். அதையும் தாண்டினால் வெள்ளைப் பணியார மாவுபோல ஓட ஆரம்பிக்கும், பெரிய குமிழ் தெரியும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் பிரியும்.

இந்தப் பாதையையே அளவுகோலாக்கலாம். நகைக்கு வைத்திருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு சோப்பிலும் 1 கிராம் சுரண்டி எடுங்கள். கிண்ணத்தில் தேய்த்துப் படியவைத்து, ஒரே பிரஷ், ஒரே நல்ல தண்ணீர். பளபளப்பு வந்தது எத்தனையாவது அரைக்கரண்டியில், நுரை உடைந்தது எத்தனையாவதில் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் சோப்பின் தாராளம். நல்ல சோப்பு பதம் வந்தபிறகும் இரண்டு மூன்று அரைக்கரண்டியை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். மட்டமானது பதம் வந்த அடுத்த கரண்டியிலேயே உடையும். இந்த இடைவெளி அகலமான சோப்பில் அவசரத்தில் கை தவறினாலும் சவரம் கெடாது. என் கணக்கில் இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

பிறகு, பதம் வந்த நுரையை முழங்கையின் உள்பக்கம் விரற்கடை கனத்துக்குப் பூசி 5 நிமிடம் விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் விசிறிக்குக் கீழே எந்த நுரையும் காயும், அதில் சோப்பின் குற்றம் இல்லை. 5 நிமிடத்துக்குப் பிறகும் ஈரமாக, வழுக்கலாக இருந்தால் நல்லது. மேலே ஏடு படிந்து, தொட்டால் பொரிந்து உதிர்ந்தால் கிளிசரின் போதவில்லை, அல்லது நீங்கள் தண்ணீர் குறைத்துவிட்டீர்கள். இன்னொருதரம் தண்ணீர் கூட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசிச் சோதனை முகத்தில். ஒரு இழுப்பு இழுத்த இடத்தில், நுரை போனபின், ஈர விரலை வைத்துத் தடவுங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல சோப்பு. விரல் நின்று, கழுவிய எவர்சில்வர் தட்டில் தேய்த்ததுபோல் கிறீச்சிட்டால், பிளேடும் அங்கே அப்படித்தான் போகும். தாடை வளைவிலும் கழுத்திலும் ஒரே இடத்தை யாரும் ஒருதரம் மட்டும் வழிப்பதில்லை. இரண்டாவது இழுப்புக்கு அங்கே நுரை இருக்காது, மிச்ச வழுக்கல்தான் தோலைக் காக்கும். வெட்டுக்காயமும் எரிச்சலும் பெரும்பாலும் இந்த இரண்டாவது இழுப்பில்தான் வருகின்றன.

முடித்தபின் முகத்தைக் கழுவி, படிகாரக் கல்லை நனைத்துத் தடவுங்கள். எங்கெங்கே சுரீரென்கிறதோ அங்கெல்லாம் தோல் உரசப்பட்டிருக்கிறது. ரத்தத்தை நிறுத்துவதற்கு மட்டும் அல்ல, அன்றைய சவரம் எப்படி என்று சொல்வதற்கும் படிகாரம் நேர்மையான சாட்சி. மெந்தால் சேர்த்த சோப்பில் இதை அவசியம் செய்யுங்கள். குளிர்ச்சி எரிச்சலை மறைத்துவிடும், ஜில்லென்று இருந்ததால் சவரம் நன்றாக இருந்தது என்று ஆகாது.

இந்தச் சோதனைகள் செல்ல வேண்டுமானால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே ரேசர், ஒரே வகைப் பிளேடு, அதுவும் இத்தனையாவது சவரம் என்ற கணக்கோடு. ஒரு நாள் தாடியையும் மூன்று நாள் தாடியையும் ஒப்பிடக் கூடாது. ஒரு சோப்புக்கு ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு சோப்பை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்றால் வலக் கன்னத்தில் ஒன்று, இடக் கன்னத்தில் ஒன்று. மறுநாள் பக்கம் மாற்றுங்கள், ஏனென்றால் கைவாகு இரண்டு பக்கமும் ஒன்றாக இராது. புதிய பன்றிமயிர்ப் பிரஷ் முதல் பத்துப் பதினைந்து தடவை நுரையைத் தானே விழுங்கும், அதைச் சோப்பின் தலையில் கட்டாதீர்கள். தாடி ஊறுவதும் அப்படி. வெதுவெதுப்பான தண்ணீரில் குறைந்தது 2 நிமிடம் ஊறாத மயிரை எந்தச் சோப்பும் இளக்கித் தராது. சோப்பே இல்லாத காலத்தில், விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தே தாடியை ஊறவைத்து வழித்தார்கள். அந்தப் பொறுமையில் பாதியாவது வேண்டும்.

உங்கள் மூலிகை சோப்பு எரிவதற்கு வருவோம். மலைபோன்ற நுரை, சீக்கிரம் அடங்குகிறது, முகம் இழுக்கிறது என்றால் தேங்காயெண்ணெய் மிகுந்தது. அது ஒரு வகை எரிச்சல், முகம் கழுவிய பிறகு சிறிது சிறிதாகத் தெரியும். நுரை பட்டதுமே, பிளேடு வைக்கும் முன்பே எரிகிறது என்றால் காரம் மிஞ்சியிருக்கலாம். எண்ணெயோடு சேராத காரம் சோப்பில் தங்கிவிட்டது, அல்லது போதிய நாள் ஆறவிடாமல் விற்றிருக்கிறார்கள். குளிர்முறையில் செய்த சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடுவது வழக்கம். காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். காகிதத்தில் பார்க்கலாம். சோப்பை நனைத்துக் கொஞ்சம் குழைத்துக் காகிதத்தில் வையுங்கள். 9 முதல் 10 வரை எந்த உண்மையான சோப்புக்கும் இயல்பு. 11ஐத் தாண்டினால் முகத்துக்கு வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். 'பி.எச். 5.5' என்று ஒருவர் சோப்புக் கட்டியில் எழுதியிருந்தால், அது கொழுப்பும் காரமும் சேர்ந்த சோப்பு அல்ல, வேறு நுரைப்பொருள்.

மூலிகைப் பொடி இன்னொரு தொல்லை. வேப்பிலை, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் குளியலுக்கு நல்லவைதான். ஷேவிங் சோப்பில் நனைந்த பொடி பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே மணல்போல் உரசும், ரேசரின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். சோப்பைத் தேய்த்த விரலில் நறநறப்பு தெரிந்தால் முகத்துக்கு எடுக்காதீர்கள். மிக நைசான களிமண் மட்டும் விதிவிலக்கு, சிறிதளவு இருந்தால் வழுக்கலைக் கூட்டும்.

குறையே அல்லாத சிலவற்றைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் அது. கட்டி சுருங்கி டப்பாவில் கடகடவென்று ஆடினால் தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவே. கெட்டுப்போனதன் அடையாளம் வேறு. ஆரஞ்சு நிறத்தில் துருபோலப் புள்ளிகள், பழைய எண்ணெய்ச் சட்டியின் காறல் வாடை. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கிண்ணம் பற்றி ஒரு வார்த்தை, செட்டிநாட்டில் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் கிடக்கும் பித்தளை, செம்புக் கிண்ணத்தில் ஈரச் சோப்பை வைத்துவிடாதீர்கள். கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்து பச்சையாகப் பிடிக்கும், சோப்பில் களிம்பு ஏறும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய ஸ்வீடன் எனாமல் கிண்ணம் நுரை குழைக்க அருமையானது. கையளவு அகலம், மூன்று விரல் ஆழம் பார்த்து எடுங்கள். உள்பக்கம் எனாமல் தெறித்திருந்தால் துருக் கறை வரும், அதை விட்டுவிடுங்கள். நன்றாகச் சுத்தம் செய்த கொட்டாங்கச்சியும் மோசமில்லை. உள்ளே இருக்கும் சொரசொரப்பு நுரையைச் சீக்கிரம் எழுப்பும்.

விலையைக் கட்டியின் விலையாகப் பார்க்காமல் ஒரு சவரத்தின் விலையாகப் பாருங்கள். சோப்பை நன்றாக உலரவிட்டு எடை போடுங்கள், ஏழு சவரம் கழித்து மறுபடி உலரவிட்டு எடை போடுங்கள். குறைந்ததை ஏழால் வகுத்தால் ஒரு நாள் செலவு. மூன்று முறை உருளையில் அரைத்து அழுத்திய கடினக் கட்டி நாளுக்கு 1 கிராமுக்கும் குறைவாகப் போகும். மென்மையானது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 1 கிராம் என்று வைத்தால் 100 கிராம் கட்டி 100 நாள். அந்தக் கணக்கில் பார்த்தால் விலை கூடிய கட்டி சில சமயம் குச்சியைவிட அதிகமாக ஆகாது. கடினத் தண்ணீரில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும், ஏனென்றால் பாதிச் சோப்பு பிசுக்காகவே போய்விடும்.

ஆக, உங்கள் மூன்றையும் இப்படிச் செய்து பாருங்கள். வெளிநாட்டுக் கட்டியை ஒதுக்காதீர்கள். மழைத்தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ, பிரஷ்ஷை நன்றாக உதறி, 45 விநாடி சோப்பேற்றி, ஒரு வாரம் பயன்படுத்துங்கள். அப்படியும் நுரை நிற்காவிட்டால்தான் சோப்பின் மேல் குறை. குச்சியின் நுரை நிற்கிறது என்பது தெரிந்ததுதான். அதில் ஈர விரல் சோதனையைச் செய்யுங்கள், வழுக்கல் மிச்சம் இருந்தால் போர்த் தண்ணீருக்கும் பயணத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். மூலிகை சோப்பைப் பி.எச். காகிதத்தில் பாருங்கள். 11க்குக் கீழே இருந்து, நறநறப்பும் இல்லை என்றால் கைகழுவ வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம்.